பலெர்மோ நகரின் வண்டிப் பட்டறைகள்

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், ஸ்கூட்டரையும் ஸ்கூட்டரிலிருந்து பிறந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டியையும் வாங்கியவர்கள் பலர், ஆலை கொடுத்த உருவிலேயே அவற்றை வைத்துக்கொள்வதில் நிறைவு கண்டதில்லை. சரக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி கட்டுவது, மேலே இரும்புச் சட்டம் ஏற்றிக் கூரை போடுவது, தகட்டில் ஓவியம் தீட்டுவது, சிலிண்டரை மாற்றி இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவது, சைலன்சரை வெட்டி வேறு விதமாக ஒட்டவைப்பது ஆகிய வேலைகள் அந்நகரின் பட்டறைகளில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. இவற்றை இளைஞர்களின் வேக மோகமாகவோ சட்டத்தை ஏய்க்கும் முயற்சியாகவோ மட்டும் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஏனெனில், ஸ்கூட்டர் என்ற பொருள் 1946ஆம் ஆண்டுக்கு முன் அங்கே இல்லாதிருந்தாலும், வண்டியைப் பல கைகள் சேர்ந்து முடிப்பதும், முடித்த வண்டி உரிமையாளரின் தொழிலையும் தகுதியையும் தெருவுக்கு அறிவிப்பதும் அந்நகரில் குதிரை வண்டிக் காலத்திலேயே வேரூன்றிவிட்ட பழக்கங்கள். ஆகவே இந்தக் கைத்தொழிலின் வரலாறு இயந்திரத்திலிருந்து அல்ல, மரச் சக்கரத்திலிருந்தே தொடங்கப்பட வேண்டும்.

கார்ரெட்டோ எனப்படும் சிசிலிய வண்டி, உயர்ந்த இரண்டு சக்கரங்களும், அவற்றின் மேல் அமர்ந்த ஒரு சரக்குப் பெட்டியும், குதிரையையோ கோவேறு கழுதையையோ பூட்டுவதற்கான இரண்டு ஏர்க்கால்களும் கொண்டது. தீவின் உட்பகுதியில் வண்டிச் சாலைகள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் சரக்கு பெரும்பாலும் விலங்குகளின் முதுகிலேயே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாலைகள் மெல்ல மெல்ல அமைந்த பிறகே, மேடு பள்ளங்களைக் கடக்கும் உயர்ந்த சக்கர வண்டி பரவலானது. ஏற்றும் பொருளுக்கு ஏற்ப வண்டியின் கட்டும் மாறியது: மண்ணும் கல்லும் சுமப்பதற்கு ஒரு வகை, கோதுமை மூட்டைகளுக்கு இன்னொரு வகை, திராட்சை மதுப் பீப்பாய்களுக்கு வேறொரு வகை என்று வண்டிக்குத் தொழில்வழிப் பெயர்களே இருந்தன. பலெர்மோவைச் சுற்றியுள்ள, பொற்கிண்ணம் என்று பெயர்பெற்ற சமவெளியின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளிலிருந்து துறைமுகத்துக்கும் சந்தைகளுக்கும் பழம் கொண்டுவந்ததும் இந்த வண்டிகளே.

இந்த வண்டியை ஒரே ஆள் செய்து முடித்ததில்லை என்பதே இதன் வரலாற்றில் முதன்மையான செய்தி. வண்டித் தச்சர் மரத்தைத் தேர்ந்து குடம், ஆரக்கால், சட்டம் ஆகியவற்றைச் செய்தார். கொல்லர் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டி, அச்சையும் அதன் மேலுள்ள கொடிவேலைப்பாட்டையும் அடித்தார். மரச் சிற்பி பின்பக்கத் தாங்குகட்டையில் போர்வீரர்களையும் குதிரைகளையும் செதுக்கினார். ஓவியர் பலகைகளை நிரப்பினார். சேணம் தைப்பவர் விலங்கின் தலைக்கு இறகுக் குஞ்சமும் கழுத்துக்கு மணிகளும் கோத்தார். அச்சுக்கு மேலே அமைந்த பகுதி, நடந்து செல்பவர் குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணில் படாத இடம். ஆயினும் கொல்லரும் சிற்பியும் தம் திறமையை அதிகம் கொட்டிய இடம் அதுவே. சக்கரக் குடத்தினுள் பொருத்திய வெண்கலப் பூண், வண்டி ஓடும்போது அச்சில் பக்கவாட்டில் மோதி எழுப்பும் ஓசைக்கும் தனி மதிப்பு இருந்தது; நல்ல ஒலி தரும் பூணை வார்ப்பவரைத் தேடிச் செல்வது வண்டிக்காரர்களின் வழக்கம். வண்டி ஓடும் ஒலி அதன் தரத்துக்குச் சான்று என்ற இந்த எண்ணம், நூறு ஆண்டுகளுக்குப் பின் சைலன்சரின் ஒலியைப் பற்றிய பேச்சில் மறுபடியும் தலைகாட்டுவதைக் காணலாம்.

ஓவியத்தைப் பொறுத்தவரை, தீவின் மேற்கும் கிழக்கும் வெவ்வேறு பள்ளிகளாக வளர்ந்தன. பலெர்மோ வண்டியின் பக்கப் பலகைகள் சரிவகமாகவும் அடிவண்ணம் மஞ்சளாகவும் இருக்க, கத்தானியா வண்டியின் பலகைகள் செவ்வகமாகவும் அடிவண்ணம் சிவப்பாகவும் இருந்தன. பலகைகளில் தீட்டப்பட்ட கதைகள் பெரும்பாலும் சார்லமேன் மன்னனின் வீரர்களான ஓர்லாந்தோ, ரினால்டோ ஆகியோரின் போர்கள். இக்கதைகளையே சிசிலியின் பொம்மலாட்டமும் மேடையேற்றியது. அப்பொம்மலாட்டத்தை யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் மிகுந்திருந்த நாட்டில், மாலையில் பொம்மலாட்டக் கொட்டகையில் கேட்ட கதையைக் காலையில் தெருவில் ஓடும் பலகையில் கண்டு அடையாளம் சொல்ல முடிந்தது. வீரர் கதைகளோடு நார்மானியப் பிரபு ரோஜரின் சிசிலி வெற்றி, 1860ஆம் ஆண்டில் கரிபால்டி பலெர்மோவுக்குள் நுழைந்த நிகழ்ச்சி, புனிதர்களின் வாழ்க்கை ஆகியவையும் இடம்பெற்றன. 1885ஆம் ஆண்டில் சிசிலிக்கு வந்த பிரெஞ்சு எழுத்தாளர் மொப்பசான், பலெர்மோ வீதிகளில் தம் கவனத்தை ஈர்த்தவற்றுள் இந்த மஞ்சள் சக்கர வண்டிகளை விரிவாகவே எழுதிவைத்தார்.

பலகைகளில் அடிக்கடி காணப்பட்ட புனிதர்களுள் ஒருவர் நகரின் காவல் தெய்வமான ரொசாலியா. 1624ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் நகரை ஒட்டிய மொந்தே பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்ததாகவும், அவற்றை ஊர்வலமாகக் கொண்டுசென்ற பின் நோய் நீங்கியதாகவும் மக்கள் நம்பினர். அதன் நினைவாக ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் இரவில் அலங்கரித்த பெருந்தேர் ஒன்று நகர வீதியில் இழுக்கப்படுகிறது. தேர் என்ற சொல்லை இங்கே தயங்காமல் ஆளலாம். ஆண்டுதோறும் புதிதாகக் கட்டி, வண்ணம் தீட்டி, ஊர் கூடி நிற்க வீதியில் நகர்த்தும் ஊர்தி அது. பலெர்மோவில் குடியேறிய ஈழத் தமிழர்கள் அம்மலைக் குகைக் கோயிலுக்கு நெடுங்காலமாகச் சென்று வழிபட்டுவருகிறார்கள், அவர்களுள் இந்துக்களும் பலர். ஊர்தியை அலங்கரித்து வீதிக்குக் கொண்டுவருவது பலெர்மோ மக்களுக்கு வழிபாட்டோடும் சேர்ந்த செயலாக இருந்தது என்பதை நினைவில் கொள்ளாமல், அவர்கள் ஒரு சரக்கு வண்டிக்கு அத்தனை வண்ணம் செலவிட்டதைப் புரிந்துகொள்ள இயலாது.

பலெர்மோவில் 1841ஆம் ஆண்டில் பிறந்த மருத்துவர் ஜுசெப்பே பித்ரே, சிசிலி மக்களின் கதை, பாடல், வழக்கம், கைத்தொழில் ஆகியவற்றை இருபத்தைந்து தொகுதிகளாக வெளியிட்டவர். அவர் 1909ஆம் ஆண்டில் நிறுவிய நாட்டார் அருங்காட்சியகத்தில் வண்டிகளும் இடம்பெற்றன. வண்டிகள் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே அவை சேகரிக்கத் தக்கவை என்று அவர் கண்டது பெரிய செய்தி. நகருக்குக் கிழக்கே உள்ள பகேரியா ஊரில் வண்டி ஓவியர்களின் பட்டறைகள் சிறந்து விளங்கின. அவ்வூரில் வளர்ந்த ரெனாட்டோ குத்தூசோ, சிறுவயதில் எமிலியோ முர்தோலோ என்ற வண்டி ஓவியரின் பட்டறையில் தூரிகை பிடித்துப் பழகியவர். பிற்காலத்தில் இத்தாலியின் முன்னணி ஓவியர்களுள் ஒருவராகி, 1974ஆம் ஆண்டில் பலெர்மோவின் வுச்சிரியா சந்தையைப் பேரளவில் தீட்டிய அவருடைய கைக்கு முதற்பாடம் வண்டிப் பலகையே.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பட்டறைகளின் வாழ்வைக் குலைத்தது. 1943ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பலெர்மோவின் மீது நடந்த பெருங்குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதி சிதைந்தது. அதே ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அமெரிக்கப் படைகள் நகருக்குள் நுழைந்தன. இத்தாலியின் நடுவே, டஸ்கனிப் பகுதியின் பொண்டெடேரா ஊரில் விமானம் கட்டிவந்த பியாஜியோ ஆலையும் குண்டுகளால் பாழடைந்து, அமைதிக் காலத்துக்கு உரிய பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் வடிவமைப்பில் பெயர்பெற்ற பொறியாளர் கொரடீனோ தஸ்கானியோ, சங்கிலி இல்லாத, இயந்திரத்தைப் பின்சக்கரத்தின் பக்கத்திலேயே வைத்த, தகட்டு உடலே சட்டமாகவும் அமைந்த ஒரு சிறு வண்டியை வடிவமைத்தார். 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. குளவி என்று பொருள்படும் வெஸ்பா அதுவே. மிலானின் இன்னொசென்டி நிறுவனம் 1947ஆம் ஆண்டில் லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தது. 1948ஆம் ஆண்டில் பியாஜியோ, வெஸ்பாவின் முன்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்னே இரண்டு சக்கரங்களையும் சரக்குப் பெட்டியையும் பூட்டி, 125 சி.சி. இயந்திரமும் 200 கிலோ சுமைத் திறனும் கொண்ட ஆபே என்ற மூன்று சக்கர வண்டியை விற்பனைக்கு விட்டது. ஆபே என்றால் தேனீ. சிசிலி மக்கள் நாவில் அது லாப்பா ஆயிற்று.

பலெர்மோவுக்கு லாப்பா பொருந்தியதற்குக் காரணம் தெளிவானது. பல்லாரோ, காப்போ, வுச்சிரியா ஆகிய பழஞ்சந்தைகளின் சந்துகளில் லாரி நுழையாது. குதிரைக்குத் தீனியும் லாயமும் வேண்டும். லாப்பாவோ ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் அடங்கி, ஒரு சிறு கொட்டகையில் இரவைக் கழித்துவிடும். எனவே 1950களில் குதிரை வண்டி தெருவிலிருந்து விலக விலக, அதன் இடத்தில் நின்றது பெரும்பாலும் இந்த வண்டியே. வண்டியின் வேலையை ஏற்றதோடு, வண்டியைச் சுற்றியிருந்த பட்டறைகளின் வேலையையும் லாப்பா ஏற்றுக்கொண்டது. தச்சர் அதற்கு மரப்பக்கங்கள் கட்டினார். இரும்பு வேலை செய்பவர் பழத் தட்டுகளைப் படிப்படியாக அடுக்கும் சட்டம் ஒட்டவைத்தார். வண்டி ஓவியர்களுள் சிலர், பலகை போய்த் தகடு வந்ததைப் பொருட்படுத்தாமல், அதே மஞ்சள் அடிவண்ணத்தையும் அதே ஓர்லாந்தோவையும் லாப்பாவின் கதவில் தீட்டினர்.

தெருவுணவு விற்போர் செய்த மாற்றங்கள் இவற்றுள் மிக வளமானவை. வெங்காயம், தக்காளி, நெத்திலி வகை மீன், பாலாடைக் கட்டி, ரொட்டித் தூள் ஆகியவற்றை மேலே பரப்பிச் சுடும் தடித்த, பஞ்சு போன்ற ரொட்டியான ஸ்ஃபிஞ்சோனேயை விற்பவர், சரக்குப் பெட்டியின் மேல் கண்ணாடி அறை ஒன்றைக் கட்டி, உள்ளே ரொட்டி சூடு ஆறாமலிருக்க ஏற்பாடு செய்து, கூரையில் ஒலிபெருக்கி பூட்டிக் கூவலைப் பதிவு நாடாவில் ஓடவிட்டார். கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பொரிக்கும் பனெல்லே விற்பவருக்கு வாணலி, கேஸ் சிலிண்டர், எண்ணெய் சிந்தாத விளிம்பு, புகை போக வழி, வாங்குவோர் நின்று உண்ண மடிப்புப் பலகை ஆகிய அனைத்தும் இரண்டு மீட்டர் நீளத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. கொதிக்கும் எண்ணெயைச் சுமந்து ஓடும் வண்டியில் எடை எங்கே நிற்கிறது என்பது உயிர் தொடர்பான கேள்வி. மூன்று சக்கர வண்டி வளைவில் எளிதில் சாயும் இயல்புடையது. சிலிண்டரையும் எண்ணெயையும் தாழ்வாகவும் பின் அச்சுக்கு அருகிலும் வைத்து, கூரையை இயன்றவரை இலேசாகக் கட்டினாலன்றி அத்தகைய வண்டி நிலைக்காது. இந்தக் கணக்கைப் பட்டறைக்காரர் வரைபடத் தாளில் போடவில்லை. முந்தைய வண்டியில் கண்ட குறையை அடுத்த வண்டியில் நீக்கியே கற்றார். எந்த ஆலையும் திட்டமிடாத இந்தச் சமையலறை வண்டிகள், பலெர்மோ பட்டறைகளின் உயர்ந்த படைப்புகள் என்று சொல்வது மிகையன்று.

இயந்திரத்தை மாற்றும் கலை வேறு வழியில் வளர்ந்தது. அதற்கு வித்திட்டது ஒரு சட்டம். 1959ஆம் ஆண்டின் இத்தாலியச் சாலைச் சட்டம், 50 சி.சி.க்கு மேற்படாத இயந்திரமும், ஒன்றரைக் குதிரைத்திறனும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகமும் கொண்ட வண்டியைச் சிறுவண்டி என்று வகைப்படுத்தி, அதற்குப் பதிவெண் பலகை வேண்டாம் என்றும், பதினான்கு வயது நிரம்பியவர் ஓட்டலாம் என்றும் விதித்தது. அந்த வரம்புக்குள் அடங்கும்படி 1963ஆம் ஆண்டில் வெஸ்பா 50 வந்தது. 1969ஆம் ஆண்டில் ஆபே 50 வந்தது. ஓட்டுநர் உரிமம் இல்லாமலே சரக்கு வண்டி ஓட்டலாம் என்பது சிறு வணிகருக்குப் பெரும் வசதியாயிற்று. ஆனால் ஒன்றரைக் குதிரைத்திறன் ஒரு மனிதனையும் ஆரஞ்சுப் பெட்டிகளையும் மொன்ரியாலே ஊருக்கு ஏறும் மேட்டில் இழுத்துச் செல்லப் போதவில்லை. சட்டம் தந்த வண்டிக்கும் வேலை கேட்ட வண்டிக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியில்தான் மெக்கானிக்கின் கை நுழைந்தது.

இந்த இயந்திரங்கள் டூ-ஸ்ட்ரோக் வகை. அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை இறங்குவதற்குள் உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளும் முடிந்துவிடும். தனியான வால்வுகள் இதில் இல்லை. சிலிண்டர்ச் சுவரில் வெட்டப்பட்ட துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பாகங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால், சாதாரணக் கருவிகளைக் கொண்டே இதன் குணத்தை மாற்ற முடிந்தது. வெஸ்பா 50க்கும் ஆபே 50க்கும் பிஸ்டனின் விட்டம் 38.4 மில்லிமீட்டர், அது நகரும் தொலைவு 43 மில்லிமீட்டர். தொலைவை அப்படியே வைத்துக்கொண்டு 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரையும் பிஸ்டனையும் பூட்டினால் கொள்ளளவு ஏறத்தாழ 75 சி.சி. ஆகும், 55 மில்லிமீட்டர் பூட்டினால் 102 சி.சி. ஆகும். வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் இயந்திரம் இரட்டிப்பாகிவிடுகிறது. இத்தகைய தொகுப்புகளைச் செய்து விற்றவை வட இத்தாலிய நிறுவனங்கள்: பொலோஞ்ஞா அருகே 1930ஆம் ஆண்டில் தொடங்கிய மலோசி, பெர்கமோ பகுதியில் 1945ஆம் ஆண்டில் தொடங்கிய பொலினி ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டருக்கு லோம்பார்டியின் தெல்லொர்த்தோ நிறுவனத்தின் பொருளே பெரும்பாலும் பயன்பட்டது. 16 மில்லிமீட்டர் வாயுள்ளதைக் கழற்றி 19 மில்லிமீட்டர் வாயுள்ளதைப் பூட்டுவது வழக்கம்.

கடையில் வாங்கிய தொகுப்பைப் பூட்டுவதோடு வேலை முடிவதில்லை. பெரிய சிலிண்டர் அதிகப் பெட்ரோல் கேட்பதால் ஜெட் எனப்படும் சிறுதுளைத் திருகை மாற்ற வேண்டும். இல்லையேல் கலவை வறண்டு பிஸ்டன் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். சுவர்த் துளைகளை அரத்தால் இராவி அகலமாக்கினால் வேகம் கூடும், ஆனால் மெதுவாக ஏறும் வலு குறையும். சந்தை லாப்பாவுக்கு வலு வேண்டும், விடலைப் பையனின் வெஸ்பாவுக்கு வேகம் வேண்டும் என்பதை அறிந்து அரத்தைப் பிடிப்பதே மெக்கானிக்கின் கைத்திறன். சைலன்சரிலும் இத்தகைய நுட்பம் உண்டு. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் குழாயில், வெளியேறும் புகையின் அழுத்த அலை முன்சென்று மோதித் திரும்பிவந்து, சிலிண்டரை விட்டுத் தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் உள்ளே தள்ளுகிறது. குழாயின் நீளத்தைப் பொறுத்து இந்தத் துணை எந்த வேகத்தில் கிடைக்கும் என்பது முடிவாகிறது. தகட்டைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டவைத்து இதைத் தம் கையாலேயே செய்தவர்கள் இருந்தனர். அலை இயக்கவியல் நூல் எதையும் படிக்காமல், ஓட்டிப் பார்த்தும் வெட்டிப் பார்த்தும் அவர்கள் அடைந்த அறிவு, கல்விக்கூடங்களில் பெறும் அறிவைவிடத் தாழ்ந்ததன்று.

இந்த அறிவு பரவுவதற்குப் பலெர்மோவின் சூழலும் துணைநின்றிருக்கும். வணிகக் குடும்பத்தில் பிறந்த வின்சென்சோ ஃப்ளோரியோ 1906ஆம் ஆண்டில் நகருக்குக் கிழக்கே மதோனியே மலைச் சாலைகளில் தொடங்கிய தர்கா ஃப்ளோரியோ கார்ப் பந்தயம், உலகின் மிகப் பழைய பந்தயங்களுள் ஒன்றாக 1977 வரை நடந்தது. மூடிய பந்தயத் திடலில் நடக்காமல், ஊர்களின் ஊடே செல்லும் பொதுச் சாலையிலேயே நடந்ததால், சிற்றூர் மெக்கானிக்கும் உலகின் சிறந்த இயந்திரங்களைக் கைநீட்டும் தொலைவில் கண்டார். பலெர்மோவைச் சேர்ந்த நீனோ வக்கரெல்லா, பள்ளித் தலைமையாசிரியராக இருந்துகொண்டே 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் அப்பந்தயத்தை வென்றார். பந்தயம் நடந்த பகுதிக்கு அருகே தெர்மினி இமெரேசேயில் 1970ஆம் ஆண்டில் திறந்து 2011ஆம் ஆண்டில் மூடிய ஃபியட் ஆலை, பல்லாயிரம் கைகளுக்கு இயந்திர வேலையைப் பழக்கியது.

இந்தக் கைத்தொழிலின் தீமையையும் மறைக்கலாகாது. 40 கிலோமீட்டர் வேகத்துக்கென்று அமைத்த பிரேக்கும் சக்கரமும் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்க வேண்டிவந்தபோது விபத்து நேர்ந்தது. இயந்திரத்துக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கைக்கூடப் பிரேக்குக்குச் செலவிடாதவர்கள் பலர். ஒலித்தடுப்பில்லாத சைலன்சரின் இரைச்சலும், எண்ணெய் எரிந்த நீலப் புகையும் குறுகிய தெருக்களில் வாழ்வோருக்குத் துன்பமாயின. 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய சாலைச் சட்டம், சிறுவண்டியின் வேகத்தைக் கூட்டும் மாற்றத்தைச் செய்பவரையும், அத்தகைய வண்டியை ஓட்டுபவரையும் தண்டிக்க வகைசெய்தது. 2000ஆம் ஆண்டில் வயது வேறுபாடின்றி அனைவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 2004ஆம் ஆண்டில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சிறுவண்டி ஓட்டத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்றாயிற்று. 2006ஆம் ஆண்டில் சிறுவண்டிக்கும் பதிவெண் பலகை வந்தது. இச்சட்டங்கள் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேக மோகத்துக்காகச் செய்த மாற்றத்தையும், சுமை இழுக்க லாப்பாவின் இயந்திரத்துக்கு வலுக் கூட்டியதையும் ஒரே குற்றத்தின் கீழ் கொண்டுவந்தது நியாயமான பகுப்பு அன்று. பட்டறைகளைத் தேர்ந்து, சோதித்து, ஒப்புதல் தரும் எளிய முறை ஒன்று இருந்திருந்தால் நல்ல கைகள் வெளிச்சத்தில் வேலை செய்திருக்கும்.

1990களில் கியர் இல்லாத, பிளாஸ்டிக் உடல் கொண்ட தானியங்கி ஸ்கூட்டர்கள் பெருகியபோது, அரமும் ஒட்டவைப்பும் பின்வாங்கின. பெட்டியில் வந்த உதிரிபாகத்தை வாங்கிப் பூட்டுவதே மாற்றம் என்றாயிற்று. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புகைக் கட்டுப்பாட்டு வரம்புகள் சிறுவண்டிகளுக்கும் வந்து, ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி, டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தை ஏறத்தாழ வெளியேற்றின. கையால் செய்யும் வேலை அதன் பிறகு, பழைய வெஸ்பாவைப் புதுப்பிப்போரிடமும் லாப்பாக்காரர்களிடமுமே பெரிதும் எஞ்சியது.

இந்த வண்டியின் மற்றொரு கிளை இந்தியாவில் உண்டு. பஜாஜ் நிறுவனம் 1960ஐ ஒட்டிப் பியாஜியோவின் உரிமம் பெற்று வெஸ்பாவையும் மூன்று சக்கர வண்டியையும் கட்டத் தொடங்கியதால், தமிழகத் தெருக்களில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷாவும் லாப்பாவும் ஒரே கொடியில் பிறந்தவை. ஆட்டோவின் பின்புறத்தில் பிள்ளைகளின் பெயரையும் தெய்வப் படத்தையும் எழுதுவது, சென்னையில் மிதி வண்டிச் சட்டத்தில் பழைய ஸ்கூட்டர் இயந்திரத்தைப் பூட்டி மீன்பாடி வண்டி கட்டுவது ஆகிய வழக்கங்களைக் கண்டவர்களுக்குப் பலெர்மோ பட்டறை அந்நியமாகத் தோன்றாது. இத்தாலியின் பொண்டெடேராவில் ஆபே உற்பத்தி 2024ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. புகை, பாதுகாப்பு விதிகளுக்கு அந்தச் சிறு வண்டி இனி ஈடுகொடுக்க முடியாது என்பதே காரணம். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் உள்ள பியாஜியோ ஆலையில் அப்பெயரில் வண்டிகள் தொடர்ந்து உருவாகின்றன.

பலெர்மோவில் இன்று மிகுதியாகக் கண்ணில் படும் மாற்றப்பட்ட லாப்பா, சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவது. 2015ஆம் ஆண்டில் அந்நகரின் அரேபிய-நார்மானியக் கட்டடங்கள் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டதும், 2018ஆம் ஆண்டில் அது இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியதும் பயணிகளின் வரவைப் பெருக்கின. பயணிகளுக்கான இருக்கைகளும் வண்டி ஓவியங்களும் கொண்ட லாப்பாக்கள் கதீட்ரலைச் சுற்றி நிற்கின்றன. இவற்றின் வண்ணம் கண்ணுக்கு இனியதே; ஆனால் அச்சிட்ட தாளைத் தகட்டில் ஒட்டிய ஓவியமும், பொம்மலாட்டக் கதை தெரிந்தவருக்காகத் தீட்டிய ஓவியமும் ஒன்றாகா. பழைய வண்டியின் ஓவியம் அதைச் சுமந்தவரின் தொழிலோடு பிறந்தது. ஒட்டிய படத்துக்கு அந்தப் பிறப்பு இல்லை.

நகருக்கு மேற்கே தெர்ராசீனி ஊரில் உள்ள மண்டல அருங்காட்சியகத்தில் சிசிலிய வண்டிகள் நிரந்தரமாகக் காட்சிக்கு உள்ளன. பொண்டெடேராவின் பியாஜியோ அருங்காட்சியகத்தில் ஆபே, ஆலை நினைத்த உருவில் நிற்கிறது. பலெர்மோக்காரர் கைபட்டு மாறிய லாப்பாவுக்கும் இவற்றுக்கு இணையான இடம் வேண்டும். வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே பித்ரே அவற்றைச் சேர்த்தது போல, வாணலி ஏற்றிய லாப்பாவின் சட்ட அளவுகளும், கூம்புச் சைலன்சரின் நீளங்களும், துளையை இராவியவர் ஏன் அந்த அளவோடு நிறுத்தினார் என்ற காரணமும், அவற்றைச் சொல்லக்கூடிய முதிய மெக்கானிக்குகள் உயிரோடிருக்கும்போதே எழுதி வைக்கப்பட வேண்டும். பலெர்மோவின் பல்கலைக்கழகமும் பித்ரேயின் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகமும் அந்த வேலையை உடனே எடுத்துச் செய்ய வேண்டும்; சென்னையின் மீன்பாடி வண்டியைக் கட்டிய பட்டறைகளைப் பற்றித் தமிழ் ஆய்வாளர்களும் அதே அக்கறையோடு எழுத முன்வர வேண்டும்.